மாலை நான்கு மணிக்கு வராத தண்ணீர்

ஒரு மைக் என் முழங்காலில் வந்து இடித்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அன்று தண்ணீரைப் பற்றிக் கலந்துரையாடல். மேடையில் நால்வர் இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசி, ஆளுக்கு இரண்டு பாட்டில் காலி செய்திருந்தார்கள். கடைசியில் ஒருங்கிணைப்பாளர் எழுந்து, "கம்யூனிட்டியிலிருந்து யாராவது பேசலாமே?" என்றார். மைக் வரிசை வரிசையாக நகர்ந்தது. கம்யூனிட்டி பக்கத்து நாற்காலியில் இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது வரிசை முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகுதான் பொறி தட்டியது: இவர்கள் தேடுகிற ஆள் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாரே!

பக்கத்து வீட்டில் இருப்பது மாவு அக்கா. அவருடைய அப்பாவும் என் தாத்தாவும் நகரசபைத் துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். என் அம்மா இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார். அக்கா மட்டும் எனக்கு அது வேண்டாம் என்று இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தார். இரண்டு சாயாக்கடைகளும் எங்கள் சந்தில் பாதி வீடுகளும் அவர் மாவில்தான் ஓடுகின்றன. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கிரைண்டர். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

எங்கள் சந்தின் கழிவுநீர் ஓடை கால்வாயில் சேரும் இடத்தில் ஓர் இரும்பு ஷட்டர் இருந்தது. கால்வாயில் தண்ணீர் ஏறினால் அது தானாக மூடிக்கொள்ளும். துருப்பிடித்து விழுந்து இரண்டு வருடமாகிறது. கார்த்திகை முதல் தை வரை, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், விடியும் நேரத்தில் கடல் ஏறும். இங்கே அதற்கு வேலியேற்றம் என்று பெயர். கடல் கால்வாய்க்கு வரும், கால்வாய் ஓடைக்கு வரும், ஓடை நேராக மாவு அக்காவின் அடுக்களைக்கு வரும். சந்திலேயே தாழ்ந்த வீடு அவருடையது. அதனால் கிரைண்டர் நான்கு சிமென்ட் கற்களின் மேல் வீற்றிருக்கும்.

அங்கே கூட்டத்துக்கு ஆள் வேண்டும், இங்கே ஆளுக்குக் கூட்டம் வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் ஷட்டர் வந்துவிடாதா? நான் அப்போதுதான் எம்.ஏ. முடித்து, வேலை கிடைக்காத நேரத்தையெல்லாம் இலவச நிகழ்ச்சிகளில் செலவழித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடினேன்.

"ஏடி, அவங்க ஷட்டர் போட்டுத் தருவாங்களா?"

"போடறவங்க காதுல விழும்க்கா."

"போடறவங்க காதுகிட்டதான் ஆறு தடவை போயிட்டு வந்தேனே."

"என்ன ஆச்சு?"

"காது இருந்துச்சு. அதுல போன் இருந்துச்சு."

ஆனாலும் வந்தார். முதலில் போனது கால்வாய்க் கரையில் ஒரு 'கேட்கும் அமர்வு'. அதாவது நாம் பேசுவோம், அவர்கள் கேட்பார்கள். அக்கா நல்ல சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, மைக் வந்ததும் இரண்டே வாக்கியத்தில் முடித்தார்: ஓடை வாயில் ஷட்டர் விழுந்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டால் என் வீட்டில் தண்ணீர் ஏறாது. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நடத்திய பெண் கண்களை மூடித் திறந்து, மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். "சேச்சி, தண்ணி உள்ள வரும்போது உங்களுக்குள்ள என்ன நடக்குது?"

"எரிச்சலா வரும்."

"அருமை. அந்த எரிச்சல் உடம்புல எங்க இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். "முட்டில," என்றார் அக்கா. "குனிஞ்சு குனிஞ்சு தண்ணி கோரறதுல."

'எரிச்சல், முழங்கால்' என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அக்கா சுவர் முழுக்கத் தேடிவிட்டு, "ஷட்டர் எந்தச் சீட்டுல இருக்கு?" என்று கேட்டார். இன்றைக்கு உணர்வுகள் மட்டும்தான், கட்டுமானங்களுக்குத் தனி அமர்வு வரும் என்று அந்தப் பெண் அன்போடு சொன்னார். சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார்கள். பழம்பொரி நன்றாக இருந்ததை அக்கா ஒப்புக்கொண்டார்.

அடுத்தது வரைபடப் பட்டறை. 'உங்கள் தெருவை உங்கள் நினைவிலிருந்து வரையுங்கள்.' அக்கா ஒரு பெட்டி வரைந்தார், அது கிரைண்டர். ஒரு கோடு வரைந்தார், அது ஓடை. கோட்டின் முனையில் சிவப்பு க்ரேயானால் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டார், அது ஷட்டர் இருந்த இடம். பொறியாளர்கூட இவ்வளவு தெளிவாக வரைய மாட்டார். நீண்ட முடியை உச்சியில் முடிந்திருந்த ஓவியர் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "என்ன ஒரு இழப்பு! என்ன ஒரு சிவப்பு!" என்றார். இரண்டு வாரத்தில் அது துணிப்பையில் அச்சாகி வந்தது. அக்காவுக்கு ஒன்று இலவசம். பையில் ஓடைதான் மேலே இருந்தது, கிரைண்டர் தலைகீழாகத் தொங்கியது. உளுந்து வாங்க வசதியான பைதான்.

இதற்குப் பிறகாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேவராவில் ஒன்று, திருப்பூணித்துறையில் ஒன்று என்று அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் காயலுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். இன்னோரிடத்தில் கைகோத்து அலைபோல ஆடினோம். அக்கா எல்லா இடத்திலும் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அது அவருக்கே பாட்டு மாதிரி ஆகிவிட்டது. ஓர் இடத்தில் நிஜமாகவே அதற்கு மெட்டுப் போட்டார்கள்.

கடைசியில் நான் காத்திருந்தது நடந்தது. ஒரு சுற்றுச்சூழல் குழுவினர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பார்த்து எழுதுகிற அறிக்கை நேரே நகரசபைக்குப் போகுமாம். சனிக்கிழமை மாலை நான்கு மணி. அந்த நேரத்தில்தான் படம் எடுக்க வெளிச்சம் சரியாக இருக்குமாம்.

நான் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது பௌர்ணமி வாரம். நான்கு நாட்களாக விடியற்காலையில் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. அடுக்களைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கறை, தரையெங்கும் சேறு. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "படிச்சவங்க வர்றாங்க. இப்படியா அவங்களுக்குக் காட்டறது?" என்றார். என் அம்மா வேலை முடிந்து வந்த கையோடு ப்ளீச்சிங் பவுடர் எடுத்துவந்தார். கறையைச் சுரண்டியது நான். அதன்மேல் சுண்ணாம்பு அடித்ததும் நான். சிமென்ட் கற்கள் பார்க்க நன்றாக இல்லை என்று கிரைண்டரை இறக்கித் தரையில் வைக்கச் சொன்னதும் நான்தான். வாசலில் ஒரு கோலம் வேறு போட்டேன்.

ஐந்து பேர், வைட்டிலா நெரிசலில் மாட்டிக்கொண்டு, நாலே முக்காலுக்கு வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, காய்ந்து பளபளத்த தரையில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தார்கள்.

"தண்ணி எங்க?" என்றார் தலைவர்.

"போயிருச்சு," என்றார் அக்கா.

"எங்க போச்சு?"

"வந்த எடத்துக்கு."

ஒருவர் சுவரைத் தொட்டார். விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. அதை இன்னொருவர் படம் எடுத்தார். நான் காலண்டரைக் காட்டி, நிலவைக் காட்டி, கையால் அலைபோல ஆடியும் விளக்கினேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அக்கா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "அடிபொளி!" என்று பாராட்டிக் கிளம்பினார்கள். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் கிரைண்டரைத் திரும்பக் கல்லின் மேல் தூக்கி வைக்க மூன்று பேருமே மறந்துபோனோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தண்ணீர் வழக்கம்போல வந்தது. அக்கா எழுந்து பார்க்கும்போது மோட்டார் மூழ்கியிருந்தது.

தோப்பும்படியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் நானும் அக்காவும் அதை ஆட்டோவில் கொண்டுபோனோம். நான்கு நாளில் கட்டிக் கொடுத்தவர், "இன்னொரு தடவ நனைஞ்சா இங்க கொண்டுவராதீங்க சேச்சி. ஆக்ரிக்குப் போட்டுடுங்க," என்றார். ஆக்ரி என்றால் பழைய இரும்பு எடுக்கிற கடை. அந்த நான்கு நாளில் ஒரு சாயாக்கடைக்காரர் பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார். மற்றவர், "அடுத்த தடவ நான் காத்திருக்க மாட்டேன், கேட்டோ?" என்று சொல்லிவிட்டுத்தான் மாவை வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அறிக்கை என் போனுக்கு வந்தது. அக்காவின் அடுக்களையில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'சுத்தமான, உலர்ந்த, தாங்குதிறன் மிக்க இல்லம். நீர் புகுந்ததற்கான அறிகுறி காணப்படவில்லை. மற்ற குடும்பங்களுக்கு முன்மாதிரி.' கீழே அக்காவின் படம். நல்ல வெளிச்சம்தான்.

"அறிகுறிய நாமதானேடி சொரண்டினோம்," என்றார் அக்கா.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"தாங்குதிறன்னா என்ன?"

"எவ்வளவு வந்தாலும் பொறுத்துக்கறது."

"அப்ப ஷட்டர் வேண்டாம்னு எழுதிட்டாங்க."

அப்படி எழுதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். அக்கா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து என் எதிரே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் அம்மா ஏற்கெனவே பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார். அதில் "எம்.ஏ." என்பது கெட்ட வார்த்தையாகவே வந்து விழுந்தது.

"நீ கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் நான் வந்தேன்ல?"

"வந்தீங்க."

"அவங்க சொன்ன நேரத்துக்கு?"

"ஆமா."

"இப்ப அவங்கள இங்க வரச் சொல்லு. தண்ணி சொல்ற நேரத்துக்கு."

எத்தனையோ நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். எல்லாமே மாலை நான்குக்கும் ஏழுக்கும் நடுவில்தான் நடந்தன. கடலிடம் யாரும் தேதி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அதன் பக்கத்து வீட்டிலேயே வளர்ந்தும். அன்றைக்கே படகுத்துறையில் வேலை செய்கிற ஒருவரிடம் ஏற்ற இறக்க நேரங்களை எழுதி வாங்கினேன். மறுநாள் அழைப்பிதழ் தயார். அவர்களுடைய பாஷை எனக்கு இதற்குள் தண்ணீர்பட்ட பாடு. 'அடுக்களையில் ஒரு நேரடி நீர் அனுபவம். பங்கேற்பாளர்கள் முழங்கால்வரை கலந்துகொள்ளலாம். காலை ஆறு மணி.' ஓவியருக்கு, கேட்கும் அமர்வுப் பெண்ணுக்கு, அறிக்கை எழுதிய ஐவருக்கு, எல்லோருக்கும் அனுப்பினேன்.

பதில்கள் வந்தன. ஆறு மணி என்பது மாலைதானே என்று இருவர் கேட்டார்கள். தண்ணீர் கட்டாயம் வரும் என்று எழுத்தில் உறுதி தர முடியுமா என்று ஒருவர். இரண்டாம் சனிக்கிழமைக்கு மாற்றினால் வசதி என்று தலைவர். நிலவு தயவு செய்யாது என்று பணிவாகப் பதில் எழுதினேன். ஓவியர் மட்டும் உடனே வருகிறேன் என்றார். அந்த நேரத்து வெளிச்சம் நீலமாக இருக்குமாம்.

வார்டு கவுன்சிலர் இதுவரை எதற்கும் வந்ததில்லை. படம் எடுக்க ஆறேழு பேர் வருகிறார்கள் என்று அவருடைய உதவியாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உதவியாளர் நேரத்தை மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அக்கா மூன்று கட்டளை போட்டிருக்கிறார். யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. சாயா உண்டு, நாற்காலி கிடையாது. கிரைண்டரை முந்தின நாளே என் வீட்டு மாடிப்படியில் ஏற்றிவிட வேண்டும். ஒரே ஒரு தாள் அடிக்கப்போகிறேன், அக்காவின் அந்த இரண்டு வாக்கியம் மட்டும், மலையாளத்தில். கவுன்சிலர் தண்ணீருக்குள் நிற்கும்போது அதை அவர் கையில் கொடுப்பது என் வேலை, ஷட்டர் எந்தத் தேதியில் வரும் என்று கேட்பது அக்கா வேலை. ஆறரைக்குள் தண்ணீர் ஏறிவிடும், வடிய எட்டரை ஆகும்; தேதி வாங்க அவ்வளவு நேரம் இருக்கிறது. வாசற்படி தாழ்வு, ஓடைக்கு மேல் மூடி கிடையாது, அதுவரை வெளியே இறங்குவது ஆபத்து என்று கவுன்சிலரிடம் சொல்லப்போகிறோம். அது உண்மையும்கூட.