அப்பா பாதியில் விட்ட ஜெபம்

அப்பாவின் ஜெபத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் பாயை விரித்து எல்லோரும் முழங்கால் போடுவோம். அப்பா பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். அண்ணனுக்குப் படிப்பு வர வேண்டும், அக்காவுக்குக் காதுவலி நிற்க வேண்டும். கடைசியில், "இந்தச் சின்னவளையும் உம்முடைய கையில் வைத்துக்கொள்ளும்" என்பார். அந்தக் கையில் உட்கார்ந்திருக்கிற நினைப்போடுதான் தூங்கப் போவேன்.

அப்பாவுக்குச் சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. செய்த வெடிகளை வெயிலில் காயவைத்து அள்ள வேண்டும். தீபாவளி சீசனில் மழை பெய்தால் வேலை கிடையாது, வீட்டில் கஞ்சிதான். அதனால் மழை வேண்டாம் என்பதும் எங்கள் ஜெபத்தில் தவறாமல் வரும்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்த்தார். வானம் பார்த்த பூமி. ஒரு புரட்டாசியில் வாடிய முகத்தோடு வந்து நின்றார். கம்பும் பருத்தியும் கருகுகிறதாம்.

"மச்சான், நீங்க ஜெபிச்சா ஆண்டவரு காதுல விழும்னு அக்கா சொல்லுது. எனக்காக மழை கேளுங்க."

அம்மா பதறிப் போனாள். "ஏலே, இங்கன பேஞ்சா எங்க அடுப்பு எப்படிலே எரியும்? ஒன் ஊருக்கு மட்டும் கேக்கச் சொல்லு."

"மேகத்துக்கு ஊரெல்லை தெரியுமாக்கா?"

"அதுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்லே."

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. முழங்கால் போட்டுத் தொடங்கினார். பிள்ளைகளின் முறைக்கு முன்பே மழையைச் சொல்வது வழக்கம். "மழையை..." என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. காத்திருந்தோம். மாமா மெல்லச் செருமினார். அப்பா எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். அன்றைக்கு என் முறை வரவேயில்லை.

அந்த வாரமே சிவகாசியில் மழை கொட்டித் தீர்த்தது. காயப்போட்ட வெடியெல்லாம் நமுத்துப் போனது. மல்லாங்கிணற்றில் ஒரு சொட்டு இல்லை.

"ஜெபத்தப் பாதியில விட்டீகள்ல, அதான் இம்புட்டும்" என்றாள் அம்மா.

"முழுசாக் கேட்டிருந்தா மட்டும் யாரு பக்கம் நின்னிருப்பாரு?" என்றார் அப்பா.

பிறகு அவர் ஜெபிக்கவேயில்லை. அம்மாதான் ஜெபித்தாள். "பிள்ளைக எல்லாரையும்" என்று ஒரே வாயில் முடித்துவிடுவாள். அந்தக் கும்பலில் நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும். பொறுக்க முடியாமல் ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன்.

"ஏம்ப்பா, ஆண்டவரு மேல கோவமா?"

"கோவப்பட அங்கன ஆளு இருக்கணும்ல தாயி."

சொன்னவர் சட்டென்று என் தலையைத் தடவி, "ஒண்ணுமில்ல, நீ ஜெபம் பண்ணு" என்றார். ஆண்டவர் எங்கோ வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் அப்பா பேசிவிடுவார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், எல்லோரோடும் வாயசைக்கிறேன். எதிரே யாரோ கேட்கிறார்கள் என்று தோன்றி எனக்கும் வருஷக்கணக்கு ஆகிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஜெபத்தில் யாராவது சின்னப் பிள்ளையின் பெயரைச் சொன்னால் வாயசைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். திரும்ப நம்பிவிட மாட்டோமா என்றிருக்கிறது.

அந்த மழைக்கு மறுவருஷம் மாமா மாடுகளை விற்றுவிட்டு அப்பாவின் கம்பெனிக்கே வேலைக்கு வந்துவிட்டார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபத்தில் அவரே முந்திக்கொண்டு, ஒரு தூறல்கூட விழக்கூடாது ஆண்டவரே என்று கதறினார். எனக்குச் சிரிப்பு வந்து கண்ணைத் திறந்துவிட்டேன்.

அப்பாவும் கண்ணைத் திறந்திருந்தார். எல்லோரோடும் முழங்காலில்தான் இருந்தார். கண் மூடியிருந்த மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிட வந்தவர், பஸ் போன பிறகும் நிற்பதுபோல இருந்தது அந்த முகம்.

நானும் அவரும் மட்டும் விழித்திருப்பது எனக்கு ஒரே சந்தோஷம். நகர்ந்து அவர் பக்கத்தில் போகப் பார்த்தேன். அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். வராதே, கண்ணை மூடு என்று கையைக் காட்டினார்.

இறுக மூடிக்கொண்டேன். அம்மாவிடம் அடி வாங்காமல் காப்பாற்றுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.