காய்க்காத கடற்புல்

கடற்புல்லை ஆராயப் போன என்னைக் கிண்ணியாவில் தோணியில் ஏற்றிச் சென்றவர் நண்டு பிடிப்பவர்; அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பேன். உப்பில் வெடித்த உதடுகள். கடற்புல் தெரிந்ததும், அது அறுபடாதிருக்க எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றுவார், ஒருமுறையும் தவறாமல்.

இறங்குதுறைக்காகக் கடலைத் தோண்டியபோது புல் அழிந்து, நண்டும் போயிற்று. கரையோரம் மிஞ்சிய ஒரு திட்டிலிருந்து செடி பிடுங்கி, ஆறு வருடங்களாக அவரே வெறுஞ் சேற்றில் நட்டுவந்தார். நண்டு திரும்பியது.

"பூக்குது மகள், காய்க்குதில்ல," என்றார்.

இருபது இடங்களில் இலை எடுத்தேன். ஆய்வுகூட முடிவோடு மீண்டும் அவரது தோணியில் போனேன். இருபதும் ஒரே செடியின் கிளைகள். அதுவும் ஆண் செடி.

"என்ட வீட்டில நாலும் பொம்பிளப் புள்ளைகள். கடலுக்குள்ள மட்டும் ஆம்பிளையா?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒரு நோய் வந்தா?"

"எல்லாம் ஒண்டாத்தான் சாகும், நானா. விதையும் இல்ல."

"பொம்பிளச் செடி?"

"குடா முழுக்கத் தேடினனான். இல்ல."

"முந்திக் காய் கிடந்தது தோண்டின பக்கம்தான்," என்றார் மெதுவாக.

அன்று நடக் கொண்டுவந்த செடிகள் ஈரச் சாக்கில் இருந்தன.

"அப்ப இதுகள நடவா, விடவா?"

அறிக்கையை மடித்துப் பையில் வைத்தேன். அவர் சாக்கோடு கடலில் இறங்கினார். அவர் மூழ்கி மூழ்கி நட்டதை நான் தோணியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.