ரங்கநாயகி அம்மாள் எழுதிய பன்னிரண்டு கேள்விகள்

ஆசிரியர் சங்கப் பத்திரிகையை நடத்தும் ஐயா அவர்களுக்கு, இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இப்போதுதான் உடம்பு கொஞ்சம் குளிர்ந்து தூங்கியிருக்கிறான். நடுவில் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதால் அங்கங்கே விட்டுவிட்டுப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கநாயகி அம்மாளைப் பற்றி இரண்டு பக்கம், "யார் மனமும் புண்படாமல்" எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விடும். மற்ற நிபந்தனையையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

செய்தி எனக்கு வந்தது புதன்கிழமை காலையில். கணபதியில் எங்கள் வீட்டு வாசலில் ஆபீஸ் பியூன் மாரப்பன் சைக்கிளை நிறுத்தினார். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தபோதே கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது.

"சூப்பிரண்டம்மா போயிட்டாங்கம்மா. நேத்து ராத்திரி காரமடையில. மாறுதல் லிஸ்டு பாத்துட்டே இருந்தாங்களாம். நெஞ்சு வலின்னு தண்ணி கேட்டாங்களாம், கொண்டு வந்து குடுக்கறதுக்குள்ள..." என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஜில்லாவின் அரசுப் பள்ளிக்கூடங்களில் எந்த ஆசிரியர் எந்த ஊரில் வேலை பார்ப்பது, யாருக்கு விடுப்பு, யாருக்கு மாறுதல் என்பதையெல்லாம் கவனிக்கும் பிரிவுக்கு ரங்கநாயகி அம்மாள் கண்காணிப்பாளர். தாராபுரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கி, கணவர் இறந்த பிறகு இலாகாப் பரீட்சைகள் எழுதி ஆபீசுக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் நம் ஊர்த் தமிழ். எத்தனை காலியிடம் என்று விரல் விட்டுக் கூட்டும்போது மட்டும் வாய் தெலுங்குக்குப் போய்விடும்.

நான் பி.ஏ. முடித்து அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்த நேரம். ஆசிரியைகள் மனுவோடு வந்து நிற்பார்கள். அம்மாள் மனுவைப் படிக்கவே மாட்டார்கள். மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "கொளந்தைய ஆருங்க பாத்துக்கறாங்க? பஸ்ஸு எத்தன மணிக்கு? எறங்கி எவ்வளவு தூரம் நடக்கோணும்?" என்று மூன்றே கேள்விகள். பதிலை அந்த ஆசிரியையின் பெயருக்குள்ள அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். "பேனால எழுதக் கூடாது அம்மணி. கொளந்த வளந்துரும், மாமியா செத்துப் போவா, பஸ்ஸு நேரம் மாறிரும்" என்பார்கள். ஜில்லா முழுவதும் அந்த அட்டைகளில்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பள்ளிகள் பெருகிவிட்டதால் நியமனம், மாறுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூத்த அதிகாரி ஒருவரை நேர்முகத் தேர்வு வைத்து எடுக்கலாம் என்று. ஆபீசில் எல்லோரும் அம்மாளுக்கு அப்போதே வாழ்த்துச் சொல்லிவிட்டோம். அவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். அடித்துக் கொடுத்தது நான்தான்.

தேர்வுக் குழுவுக்கு ஒரு தலைவர். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அது போதும்.

அவர் ஒரு நாள் எங்கள் பிரிவுக்கு வந்தார். அம்மாள் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. ஒரு ஒத்தாச வேணுமுங்க. இன்டர்வியூக்குக் கேள்வி தயார் பண்ணோணும். இந்த வேலையப் பத்தி உங்களத் தவிர இங்க ஆருக்குங்க தெரியும்?"

"நானும் மனுப் போட்டிருக்கறனுங்களே."

"அதுக்கென்னங்க, அது அது பாட்டுக்கு நடக்குது."

நம் ஊரில் பெரியவர்கள் இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் மறுத்துச் சொல்ல நமக்கு வாய் வராது. அதுதான் நம் குறை. அம்மாள் பன்னிரண்டு கேள்விகள் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொன்னால் சரி என்று தனித்தாளில் எழுதினார்கள். பதில் தாள் தலைவருக்கு மட்டும். நான் அடித்தேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம், தலை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறாவது கேள்விக்குரிய பதிலை ஏழிலும் ஏழாவதற்குரியதை ஆறிலும் மாற்றி அடித்துவிட்டேன். அம்மாள் கவனிப்பதற்குள் தாள் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டது. "போச்சாது உடு. அவரு பாக்கறதுக்குத்தான். அன்னிக்கு வாயில சொல்லிப் போடறேன்" என்றார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் அம்மாளின் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏனென்று கேட்கப் போனோம். தலைவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்:

"கேள்வி எழுதுனவங்களே வந்து பதில் சொன்னா நாயமாங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க."

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

மறுநாள் அம்மாள் பைல்களை எடுத்துக் கொடுக்க ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நான் குறிப்பெடுக்க. முதல் இரண்டு பேர் பழைய தலைமையாசிரியர்கள். யோசித்து, தடுமாறி, ஓரளவு நன்றாகவே சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒரு மில்லில் லேபர் ஆபீசராக இருந்தவர். தலைவரின் மனைவிக்குச் சித்தப்பா மகன். முதல் ஐந்து கேள்விகளுக்கும் அம்மாள் எழுதிய வாக்கியங்கள் எழுத்துப் பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தன. நான் பென்சிலை நிறுத்திவிட்டேன்.

ஆறாவது கேள்வி. "அமராவதியில் வெள்ளம் வந்து, அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல் ஓர் ஆசிரியர் நிற்கிறார். என்ன செய்வீர்கள்?"

"முதலில் பிரசவ விடுப்பு கொடுப்பேன். திரும்பி வந்ததும் தாய்வீட்டுப் பக்கமாக ஒரு பள்ளிக்கூடம் பார்த்துப் போடுவேன்" என்றார், சற்றும் கூசாமல்.

ஏழாவது. "நிறைமாத ஆசிரியை ஒருத்தி மாறுதல் கேட்டு வருகிறாள்."

"இக்கரைப் பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்வேன். தண்ணீர் வடிந்ததும் போகலாம்."

குழுவில் கோட்டைமேட்டு ராவுத்தர் ஒருவர் உறுப்பினர், தோல் வியாபாரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, தண்ணி வடியற வரைக்கும் அந்தப் புள்ள இடுப்பு வலிய நிறுத்தி வெக்கோணுங்களா?"

அறையே சிரித்தது. தலைவர் மேஜையைத் தட்டினார். "தம்பிக்குப் படபடப்புங்க. மில்லுல அத்தன ஆளுங்களக் கட்டி மேச்சவரு, இந்த வாத்தியாருங்க எம்மாத்திரம்!" விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு, தாளில் இருந்த பிசகை அம்மாள் தலைவரிடம் சொல்லவே இல்லை. மற்ற உறுப்பினர்களிடம் பதில் தாள் இல்லை. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன என்பது அந்த அறையில் நான்கு பேருக்குத்தான் தெரியும். திருடிக் கொடுத்தவர், வாங்கியவர், எழுதியவர், மாற்றி அடித்தவள். மாலையில் அந்த மூன்றாமவருக்கே நியமன உத்தரவை அடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள்.

அடிக்க மாட்டேன் என்று அம்மாளிடம் சொன்னேன். பதில் தாளின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது, மதராசுக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். அம்மாள் என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

"வேண்டாங் கண்ணு. தாளு வெளிய போச்சுன்னா அடிச்சவ எங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அவுங்க ரெண்டு பேரும் தப்பிச்சுக்குவாங்க. வயித்துப் புள்ளயோட நீ தெருவுல நிப்பே."

"உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"

"வராம என்ன? பத்திக்கிட்டுத்தான் எரியுது. இன்னும் எட்டு வருசம் சர்வீஸ் இருக்குதல்லோ, பாத்துக்கலாம்."

எட்டு வருஷம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் வேலைக்காகவும் என் பிள்ளைக்காகவும் அவர்கள் வாய் மூடியிருந்தார்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் இருவரும் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதனுடன் இணைத்திருக்கிறேன்.

வந்த அதிகாரிக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அம்மாள் தலையில்தான் விழுந்தது. முதல் ஜூன் மாதத்திலேயே அவர் மில்லில் ஷிப்டு மாற்றுகிற மாதிரி ஆசிரியர்களை மாற்றிப் பட்டியல் போட்டார். கிழக்கே இருப்பவர்கள் மேற்கே, மேற்கே இருப்பவர்கள் கிழக்கே. பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தியை மூன்று பஸ் மாறிப் போகிற ஊருக்குப் போட்டிருந்தார். அம்மாள் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார்கள். ஆண்டு விழாவில் மாலை அவருக்கு. "மில் நிர்வாகத்தின் ஒழுங்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர்" என்று தலைவர் பாராட்டினார். அம்மாள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ராவுத்தரும் தட்டவில்லை.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காரமடையில் அம்மாள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தலைவர் ரோஜா மாலையோடு வந்தார். போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஈரம் இருந்ததா என்று நான் உற்றுத்தான் பார்த்தேன். பிறகு அம்மாளின் தம்பியிடம் சொன்னார்: "இவுங்களக் கண்டெடுத்து வளத்து உட்டதே நானுங்க. எவ்வளவோ பெரிய பதவிக்கு வரச் சொன்னேன். எனக்கு வேண்டாமுங்க, சின்ன வேலையே போதும்னு ஒதுங்கிப் போட்டாங்க. தங்கமான மனுசி."

அம்மாளின் முகம் அங்கேயே இருந்தது, ஐயா. பதில் சொல்ல முடியாத முகம். அதன் முன்னால் நின்று அதைச் சொன்னார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கும் அவரே தலைமை என்று உங்கள் அழைப்பில் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. தலைமை தாங்கட்டும். மற்றவர்கள் பாதியில் எழுந்து போகலாம், தலைமை வகிப்பவர் போக முடியாது. கூட்டத்துக்கு முன்பே இதை அச்சிட்டு ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிரதி வையுங்கள். அவர் பேச எழும்போது எதிரில் அத்தனை பேரும் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இரக்கமில்லாதவள் என்று சொன்னால் சொல்லட்டும்.

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் வேலை இன்றும் அந்த இருவர் கையில்தான். என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் சொன்னேன். கையில் கிரீஸ் கழுவாமலே உட்கார்ந்துவிட்டார்.

"உம்பட பேரப் போடாத அம்மணி. நாளைக்கே எங்கயாச்சும் கோடியில தூக்கிப் போட்டுருவாங்க. காச்சக் கொளந்தைய வெச்சுட்டு என்ன பண்ணுவே? 'ஒரு அன்பர்'னு போடு."

"அன்பர்னு போட்டா அந்தத் தலைவரு சிரிச்சுட்டுப் போயிருவாருங்க."

எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "செரி, கோடியில போட்டா நானும் அங்க வந்து பட்டற வெக்கறேன்" என்றார்.

அம்மாளை நான் கடைசியாகப் பார்த்தது போன மாதம், நான் விடுப்பில் போவதற்கு முந்தின நாள். மாறுதல் உத்தரவுகள் கட்டுக்கட்டாக மேஜை மேல் இருந்தன. அதிகாரி வெளியூர். அம்மாள் ஒவ்வொன்றின் அடியிலும் 'அதிகாரிக்காக' என்று எழுதி, அதன் கீழே சின்னதாகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேனா மை தீரும்போது ஊதி, உதறி, மறுபடி 'அதிகாரிக்காக.' நான் வந்து நின்றதைக் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

போய் வாருங்கள் அம்மா. இனி நீங்கள் யாருக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் எனக்காக விழுங்கிக்கொண்டதை நான் விழுங்க மாட்டேன்.

ஐயா, இதன் அடியில் என் முழுப்பெயரும் வேலையும் எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தும் குறைக்காமல் போடுங்கள். போட முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வேறு அச்சகம் பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் அதிகமில்லை. ஒரு கார்டு போட்டால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.