பட்டனைத் தட்டினால் பயம் போகுமா?

புள்ளியியல் வாத்தியாரைக் கண்டாலே மாணவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்; இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெப்பகோடி பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் மாணவர்களுக்கு அந்தப் பாடம் எடுக்கிறேன். கையால் கணக்குப் போட வைத்தது போதும், கம்ப்யூட்டர் மென்பொருளில் சொல்லித்தருகிறேன் என்று கெஞ்சி ஒரு லேப் வாங்கினேன். துறைத் தலைவர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: "செமஸ்டர் முடியறப்ப பசங்க பயம் குறையலைன்னா, லேப் வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போயிடும் மேடம்."

பின்கோடு

வகுப்பில் எல்லோருடைய விவரங்களையும் ஏற்றிச் சராசரி எடுக்கச் சொன்னேன். ஈஜிபுராவிலிருந்து வரும் நவீன் கணக்கென்றாலே நடுங்குகிறவன். பட்டனைத் தட்டினால் விடை வருகிற தைரியத்தில் வயது, உயரத்தோடு நிற்காமல் பின்கோடுக்கும் சராசரி எடுத்துவிட்டான், தசமப் புள்ளியோடு. இதற்கு என்னப்பா அர்த்தம் என்றேன்.

"நம்ம கிளாஸ் சராசரியா எங்க குடியிருக்குன்னு காட்டுது மேம். லெட்டர் போட்டா போய்ச் சேராது, அவ்ளோதான்."

நட்சத்திரம்

இரண்டு விஷயங்களுக்குள் நம்பத்தகுந்த தொடர்பு இருந்தால் மென்பொருள் அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். ஆனேக்கல்லிலிருந்து வரும் ஷாலினி கணக்கில் புலி, பயமென்றால் என்னவென்றே தெரியாது. தூக்கத்துக்கும் மார்க்குக்கும் தொடர்பு தேடச் சொன்னால், கிடைத்ததையெல்லாம் ஜோடி சேர்த்துப் பார்த்தாள். நூறு ஜாதகம் பார்த்தால் ஒன்றாவது பொருந்தாதா? செருப்பு சைஸுக்கும் பரீட்சை பயத்துக்கும் நட்சத்திரம் விழுந்தது. மறுநாள் பக்கத்து வகுப்பின் விவரத்தை வைத்து அதையே மறுபடி பார்க்கச் சொன்னேன். நட்சத்திரத்தைக் காணோம். ஷாலினி திரையைக் காட்டிக் கேட்டாள்:

"அப்ப நேத்து எதுக்கு மேம் அவ்ளோ நிச்சயமா சொல்லுச்சு?"

பயத்தின் சராசரி

செமஸ்டர் தொடக்கத்தில் கேட்ட அதே கேள்விகளை முடிவிலும் கேட்டேன்: புள்ளியியல் என்றால் எவ்வளவு பயம்? சராசரி இம்மியும் நகரவில்லை. லேப் போச்சு என்றே முடிவு கட்டினேன். ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நவீன் போன்றவர்களுக்குப் பயம் அடியோடு போயிருந்தது. ஷாலினி போன்றவர்களுக்குப் புதிதாக வந்திருந்தது. இதைத் தலைவரிடம் காட்டினேன்; அவர் ஷாலினியைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். "முன்னல்லாம் பசங்க பதில் வராதோன்னு பயப்படுவாங்க சார். இப்ப எதைக் கேட்டாலும் பதில் வந்துடுதே, அதான் பயமா இருக்கு" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "லேப் இங்கயே இருக்கட்டும் மேடம். இந்தப் பொண்ணுக்கு வந்த பயம் அந்த நவீனுக்கும் வரணும்."

ஆக, ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடுபட்டு விரட்டிய பயத்தை, அடுத்த செமஸ்டரில் வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்ப அழைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.