எழுபதில் நின்ற நாடி

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். மீன்காரர் "இன்னிக்குப் புடிச்சதுங்க" என்று சத்தியம் பண்ணினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வீட்டில் எனக்குப் பெயரே 'பொலிஸ்'தான். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் தாதியாக இருப்பவளுக்கு இந்தக் குணம் இருந்தால் தப்பில்லை.

அடிபட்டு வருகிறவரின் முதல் நாடி, பிரஷர், மூச்சு இவற்றை வைத்துத்தான் ஆள் தாங்குவாரா என்று கணிக்கிறோம். உள்ளே இரத்தம் கசிந்தால் நாடி ஓட ஆரம்பிக்கும். அன்றைக்கு உக்குவளையிலிருந்து வந்தவருக்கு அது ஓடவில்லை. எழுபதில் நின்றது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா இவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருக்குத் தோட்டத்து மிளகைக் காட்டுகிறேன் என்று ஏணியில் ஏறிச் சறுக்கி, இடப்பக்க விலா கல்லில் மோத விழுந்துவிட்டார். அந்தச் சம்பந்திதான் இவரையும் இவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு தன் வேனில் கொண்டுவந்தார்.

"நாடி எழுபது, பிரஷர் நூத்திப் பத்து. பயமில்ல மிஸ்ஸி, படுக்க வச்சுப் பார்ப்போம்" என்றார் டொக்டர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர் கை சில்லென்று வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. இந்தக் கைக்கும் அந்த நாடிக்கும் ஒட்டவே இல்லையே!

"ஏதாவது வருத்தம், நோய் நொடி இருக்கா? மருந்து, குளிசை போடுறீங்களா?"

"ஐயோ, ஒண்ணுமில்லீங்க மிஸ்ஸி" என்றார், சம்பந்தியைப் பார்த்தபடி.

அந்தப் பார்வை போதாதா எனக்கு? சம்பந்தியை வெளியே அனுப்பிவிட்டு மனைவியைப் பிடித்தேன். "இவருக்குத் தலைவலிகூட வராதுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகிற நேரத்தில் என்ன மறைப்பு வேண்டிக்கிடக்கிறது!

வெளியே வந்தால் சம்பந்தி வழியை மறித்து நின்றார். இவர் என்ன கதை சொல்லப் போகிறாரோ என்று முறைத்தேன்.

"மிஸ்ஸி, அவர் பிரஷருக்குக் குளிசை போடுறாருங்க. நானும் அதே கிளினிக்தான், எனக்குக் குடுக்குற அதே குளிசைய அவருக்கும் குடுக்குறதப் பார்த்திருக்கேன். நெஞ்சுத் துடிப்பக் கொறைக்கும்னு சொன்னாங்க. அங்க அவரக் கண்டா நான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். நோய்க்காரக் குடும்பம்னு பொண்ணு தரமாட்டேன்னுட்டா? ஏற்கெனவே ஒரு எடம் அப்படித்தாங்க தட்டிப் போச்சு."

டொக்டரிடம் ஓடினேன். நாடியை ஓடவிடாமல் குளிசை பிடித்துவைத்திருக்கிறது. எப்போதும் ஏறியே நிற்கிற பிரஷருக்கு நூற்றுப் பத்து என்றால் இறக்கம்தான். ஸ்கேன் பார்த்தால் வயிற்றுக்குள் இரத்தம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். அந்தச் சம்பந்தி வாய் திறந்திராவிட்டால் என் சந்தேகத்தால் என்ன பிரயோசனம்?

அடிபட்டவர் பிழைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை தர இரண்டு சம்பந்திகளும் ஒன்றாகவே வந்தார்கள். பெண்ணின் அப்பா என்னை ஓரமாக அழைத்தார்.

"குளிசை கதைய எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? யாராவது சொன்னாங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால், வாசலில் நின்ற மற்றவர் என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எனக்குச் சந்தேகம் ஜாஸ்திங்க" என்றேன்.

"நல்லவேளை" என்று பெருமூச்சு விட்டார் அவர். "எங்க சம்பந்தி காதுல மட்டும் விழுந்துடக் கூடாதுங்க. அவருக்கு ஒரு வருத்தமும் கெடையாது, பாருங்க."