மெத்தைக்காரர் நாவல் விற்கப் போன கதை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எவனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த வாயைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

நம் மெத்தைக்காரருக்கு வாய் உண்டு. கல்லூரியில் கணக்கியலைப் பாதியில் விட்டுவிட்டு, "மூணு மாசம் சும்மா இருக்கிறதுக்கு" என்று ஒரு மெத்தைக் கடையில் சேர்ந்தார். அந்த மூன்று மாதம் இருபத்தாறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. கடையில் நாற்பத்தொரு வகை மெத்தை. நாற்பத்தொன்றையும் அவர் ஒரே முறையில்தான் விற்பார். வாடிக்கையாளரைச் செருப்போடு படுக்கச் சொல்வார். தொண்ணூறு எண்ணும் வரை வாயைத் திறக்க மாட்டார். தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. படுத்தவன் சும்மா கிடந்தால் அவன் முதுகே அவனிடம் பேச ஆரம்பித்துவிடும். அப்புறம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, "நம்ம வீட்லயும் இதேதாங்க" என்பார். வீட்டில் கிடப்பது நடுவில் பள்ளம் விழுந்த பழைய மெத்தை. அதைப் பொய் என்று அவர் நினைத்ததே இல்லை. தொழிலில் அதற்குப் பெயர் நம்பிக்கை.

அவர் மனைவி கண் மருத்துவமனையில் பதிவு ஜன்னலில் உட்கார்பவர். காலை முதல் மாலை வரை டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்கு வரும்போது அவரிடம் வார்த்தை அதிகம் மிச்சமிருக்காது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வேண்டிய வார்த்தைகளை எல்லாம் மெத்தைக்காரரே போட்டுவிடுவார். பகலில் யார் யார் படுத்தார்கள், யார் குறட்டையே விட்டுவிட்டார், எந்தப் பெண்மணி நான்கு மெத்தையில் உருண்டுவிட்டுத் தலையணை மட்டும் வாங்கிக்கொண்டு போனார் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பார்.

அந்த மனைவிதான் ஒரு நாள் இருநூற்றுப் பத்துப் பக்கத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"ஒரு நாவல் எழுதியிருக்கேங்க. படிச்சுப் பாக்கறீங்களா?"

மெத்தைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் எப்போது எழுதினாள்? ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. "அடேயப்பா!" என்றார். அன்றைக்குப் படுக்கையில் சாய்ந்து கட்டைப் பிரித்தார். ஒரு பஸ். அதன் இருக்கைகள். டிரைவரின் பிடரி. கண்ணாடியில் தொங்கும் ஒரு பொம்மை. தூங்கிவிட்டார். மறுநாள் மறுபடி அதே பஸ், அதே பிடரி, அதே தூக்கம். மூன்றாம் நாள் பஸ் கிளம்புவதற்குள் இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்க மாத்திரை நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய எழுத்து.

ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டார். "படிச்சீங்களா?"

"ஒரு தடவையா? ரெண்டு தடவை! பிரமாதம்."

மனைவி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "என்னை ஒண்ணும் கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேக்க என்ன இருக்கு? பிரமாதம்னு சொல்லிட்டேனே."

மனைவியின் கண் கலங்கியது. எழுத்தாளர்கள் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஏதோ ஒன்று மாறியது. அவர் சொல்லும் பழைய ஜோக்குகளுக்கு மனைவி சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் அவருக்கு ஒரு சட்டை வாங்கிவந்தார். பாராட்டு என்பது எவ்வளவு மலிவான முதலீடு என்று மெத்தைக்காரர் வியந்தார்.

ஒரு வருஷம் போனது. நகரத்தில் எழுத்தாளர் மாநாடு ஒன்று வந்தது. அங்கே இலக்கிய ஏஜெண்டுகள் வருவார்கள், முதல் முப்பது பக்கத்தை முன்கூட்டியே அனுப்பினால் ஆளுக்குப் பத்து நிமிஷம் தருவார்கள், பிடித்துவிட்டால் புத்தகத்தைப் பதிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. மனைவி பக்கங்களை அனுப்பினார். நேரமும் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் பயம் வந்தது.

"எனக்குப் பேச வராதுங்க. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உக்காந்தே பழகிட்டேன்."

"பேச்ச என்கிட்ட விடு. நீ பக்கத்துல உக்காரு, போதும். நாப்பத்தொரு வகை விக்கிறேன், ஒரு நாவல விக்க மாட்டேனா?"

மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். அக்காவின் நாவலை அவன் ஒரே மூச்சில் படித்தவன்.

"மாமா, ஏஜெண்டுன்னா என்னை மாதிரி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்ல, பாத்துப் பேசுங்க. ஆமா, நீங்க முழுசா படிச்சீங்களா?"

"ரெண்டு தடவைடா."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "முழுசா படிச்சுட்டா நாளைக்கு நீங்களே போய்ப் பேசறீங்க? பெரிய மனசு மாமா உங்களுக்கு. என் பொண்டாட்டி அப்படி எழுதியிருந்தா நான் வீட்டை விட்டே ஓடியிருப்பேன்."

கேட்டிருக்க வேண்டாமா? எப்படி எழுதியிருந்தால், என்று ஒரு வார்த்தை? மெத்தைக்காரர் அதைப் புகழுரைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு மீசையைத் தடவினார்.

மாநாடு ஒரு பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீளமான வராந்தா, சுவரோரம் நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு காகிதக் கட்டு. பிரசவ வார்டு வாசல்போல ஒரு முகத்திலும் ரத்தமில்லை. மெத்தைக்காரர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில், பையில் வீட்டில் அவர் பிரித்த அதே நாவல் பிரதியோடு, யார் கண்ணில் பட்டாலும் புன்னகை செய்துகொண்டு நின்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, வட்ட மேஜை. ஏஜெண்ட் ஐம்பது வயதுப் பெண்மணி. காதில் பென்சில். முன்னால் முப்பது பக்கம், ஓரமெல்லாம் குறிப்பு. மேஜையில் ஒரு கடிகாரம் பத்து நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

"சொல்லுங்க" என்றார் ஏஜெண்ட்.

மெத்தைக்காரர் வாயைத் திறக்கவில்லை. தொழில் முறை. வாடிக்கையாளரைத் தொண்ணூறு எண்ணும் வரை தொந்தரவு செய்யக் கூடாது. அவர் புன்னகையோடு எண்ணினார். ஏஜெண்ட் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி மேஜைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டினார். அவர் அறுபத்திரண்டில் இருந்தார், நிறுத்தவில்லை.

தொண்ணூறு ஆனதும் குனிந்து, "எப்படி இருக்கு?" என்றார்.

"எது?"

"நாவல். நல்ல உறுதிங்க. நடுவுல தொய்வே கிடையாது. எந்த வயசுக்காரங்களுக்கும் ஒத்துக்கும். முதுகுவலி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "வீட்ல நானே ரெண்டு தடவை படிச்சேன்னா பாத்துக்குங்க."

"நல்லது. கதை எங்க போகுதுன்னு சொல்லுங்க. எனக்கு முப்பது பக்கம்தானே தெரியும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. இனி நீந்த வேண்டியதுதான்.

"கதாநாயகன் ஒரு பஸ் டிரைவருங்க. நேர்மையான ஆளு. குடும்பத்துக்காக மாடா உழைக்கிறாரு. கடைசில பிரேக் பிடிக்கல. தன் உசுரக் குடுத்து அம்பது பேரக் காப்பாத்தறாரு. படிக்கும்போது எனக்கே கண்ணுல தண்ணி."

அறை அமைதியானது. இந்த முறை எண்ணுவதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இந்த முப்பது பக்கத்துல டிரைவர் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றார் ஏஜெண்ட் மெதுவாக. "அவரோட பிடரி மட்டும்தான் வருது." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, முடிவு இவர் சொல்றதுதானா?"

மனைவி கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "இல்லைங்க. டிரைவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவாரு. அவருக்குக் கதைல அவ்வளவுதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது பக்கத்தில் பெண்டாட்டி இல்லை. மெத்தைக்காரருக்குக் காது மடல் கொதித்தது. அதைவிட மோசம், மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார், கோபக்காரர்களுக்கு விற்றுப் பழக்கம் உண்டு. அதில் இருந்தது ஒரு கணக்குப் பார்வை. ஒரு வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் பின்னாலிருந்து திருப்பிப் பார்க்கிற பார்வை.

"நீங்க படிக்கவே இல்லையா?" என்றார் மனைவி.

அவர் வாய் திறந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக உள்ளே சரக்கில்லை.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார் ஏஜெண்ட், மரியாதையாகவே. "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. உங்க வாயாலயே சொல்லுங்கம்மா, கதை யாரப் பத்தி?"

மெத்தைக்காரர் எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. டோக்கன் கூப்பிடும் குரல்தான், தெளிவாக, அவசரமில்லாமல்.

"வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போகாத ஒருத்தியப் பத்திங்க. தினமும் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வருவா. ஒன்பது வருஷமா."

கதவு அவருக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

மருத்துவமனை ஆறு மணிக்கு மூடும். வீடு இருபது நிமிஷ தூரம். மனைவி வருவது ஏழரைக்கு. இத்தனை வருஷத்தில் அந்தக் கழித்தலை அவர் ஒரு முறைகூடப் போட்டதில்லை.

"எப்படிப் போச்சு சார்?" என்றார் வராந்தாவில் மூன்று தொகுதிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். "உங்க புத்தகமா?"

"இல்லைங்க. நான் சும்மா கூட வந்தேன்."

உட்கார நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் சாய்வோம், சாய்ந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பையிலிருந்த பிரதியை எடுத்து, ஜன்னலோரம் நின்றபடியே புரட்டினார். பதினோராம் பக்கத்தில் அவருடைய காப்பிக் கறை. அதற்கு மேல் எல்லாம் கன்னி கழியாத காகிதம். பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் அந்தப் பெண் பஸ் ஏறினாள். ஐந்தாம் வரியில் அவள் கணவன் வந்துவிட்டான்.

'அவள் கணவன் நல்லவன். அவளிடம் எதையும் கேட்டதில்லை. அதனால் அவளுக்குப் பொய் சொல்லும் அவசியமே வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது.'

மெத்தைக்காரர் அந்த நான்கு வரியை இரண்டு தடவை படித்தார். உண்மையாகவே இரண்டு தடவை.

அப்போதுதான் அந்தச் சட்டை நினைவுக்கு வந்து நெஞ்சில் குத்தியது. படித்துவிட்டார், தெரிந்துகொண்டார், ஒன்றுமே கேட்காமல் பொறுத்துக்கொண்டார் என்றல்லவா அவள் நினைத்திருக்கிறாள்! தம்பி சொன்ன பெரிய மனசும் அதுதான். ஒரு வருஷமாக அவள் சிரித்ததெல்லாம், கண் கலங்கியதெல்லாம், இல்லாத ஒரு மனிதனுக்கு. அந்த ஆளின் சட்டையைத்தான் இவர் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். இன்றைக்கு இஸ்திரி போட்டு உடுத்தியிருப்பதும் அதையேதான். கழற்றி எறியவும் முடியாது, ஓட்டல் வராந்தா.

அவர் தலை குனிந்து மேலே படித்தார். பதினேழாம் பக்கத்தில் இருக்கும்போது கதவு திறந்தது. மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிரதியைப் பின்னால் மறைக்கலாமா என்று மெத்தைக்காரரின் கை ஒரு கணம் யோசித்தது. மறைத்ததெல்லாம் போதும் என்று அதற்கே தோன்றியிருக்க வேண்டும்.

"முழுசா அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்றார் மனைவி. "மாசக் கடைசிக்குள்ள."

பிரமாதம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"கதைல... அந்தக் கணவனுக்குக் கடைசில தெரிய வருமா?"

"வராது. தெரியாமலேயேதான் முடிச்சிருக்கேன். போன வருஷம் நீங்க படிச்சுட்டேன்னு சொன்னப்பவே முடிவ மாத்திருக்கணும். மனசு வரல. உள்ள சொன்னப்ப ஏஜெண்டம்மாவுக்கும் அந்த முடிவுதான் பிடிச்சிருந்துச்சு." பெருமூச்சு விட்டார். "இப்ப மாத்தித்தான் ஆகணும். உங்களால எனக்கு ஒரு மாச வேலை."

"அப்படியே விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

வாத்தியார் தம் மூன்று தொகுதிகளையும் இறுகக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மெத்தைக்காரர் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசி நிறுத்தத்துல என்ன இருக்கு?"

மனைவி அவர் கையிலிருந்த பிரதியைப் பார்த்தார். "நூத்தி நாப்பதாம் பக்கத்துல இருக்கு" என்றார்.

அவர் அவசர அவசரமாகத் தாள்களைத் தள்ள ஆரம்பித்தார். முப்பது, அறுபது, தொண்ணூறு. மனைவி கையை நீட்டி அதைத் தடுத்தார்.

"வரிசையா படிங்க."

மெத்தைக்காரர் பதினேழாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.