சேலை நேரலையில் ஓர் ஆந்தை

என் நாவலைச் சொந்தச் செலவில் அச்சடித்து முடித்தபோது, அதை விற்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் முகநூல்தான். நிலாவின் முன் ஆந்தை உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைப் போட்டு, ‘இந்த ஆந்தை யாரைக் குறிக்கிறது தெரியுமா?’ என்று கேட்பேன். யாரும் வாய் திறப்பதற்குள் கீழே பதிலையும் நானே எழுதிவிடுவேன். விருப்பக்குறி போட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். படிக்காமலே போட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நாவல் ஓர் உருவகக் கதை. எங்கள் ஜொகூர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிப்பதற்காகக் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி ஆந்தைகளைக் குடிவைப்பார்கள். என் கதையில் எலிகள் தீர்ந்துபோகின்றன; பெட்டிகளைக் கழற்றிவிடுகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் மக்களைத்தான் அப்படி எழுதினேன். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், எந்தப் பறவை யார் என்று கடைசித் தாளில் விளக்கமும் அச்சடித்திருந்தேன்.

புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வரவேற்பறையில் கிடந்தன. உலு திராம் வீட்டில் எங்களோடு இருக்கும் என் நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. அவள் பல வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அதே வரவேற்பறையிலிருந்து கைப்பேசியில் நேரலை போட்டுச் சேலை விற்கிறாள்.

“அண்ணி, ஞாயித்துக்கெழம என் லைவ்ல வந்து பேசுங்க. இந்தப் பெட்டிங்க நகந்தா எனக்கு ஸ்டேண்ட் வைக்க எடம் கெடைக்கும் லா,” என்றாள்.

சரி என்றேன். இங்கேயும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம், பட்டுச் சேலைகளுக்கு நடுவில் நின்று புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தேன். ‘வேற கலர் இருக்கா?’ என்று திரையில் ஒருவர் கேட்டார். ‘பார்டர் நல்லா இருக்கு’ என்று அட்டையைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உருவகம் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். நாத்தனார் கேமராவுக்குத் தெரியாமல் என்னை முழங்கையால் இடித்தாள்.

“முந்தானைய மட்டும் விரிச்சுக் காட்டுங்க, அண்ணி. மிச்சத்த அவங்க வீட்ல கட்டிப் பாத்துக்குவாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விளக்கத்தை விட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தேன். பெட்டியைக் கழற்ற வந்தவன் ஆந்தைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஆந்தை வழக்கம்போல வேலைக்கு வந்து, பெட்டியில்லாத வெறும் கம்பத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒரு வார்த்தை ஓடவில்லை. சேலை விலை கேட்டவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“லைன் போச்சா?” என்று நாத்தனார் கைப்பேசியைத் தட்டினாள்.

லைன் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக வந்தன. ‘தோட்டத்துல எங்க லயத்து வீட்ட இடிச்சப்ப எங்கப்பா இப்படித்தான் உக்காந்திருந்தாரு’ என்று பெக்கோக்கிலிருந்து ஒருவர் எழுதினார். அது நான் நினைத்து எழுதியதுதான். அடுத்து மூவாரிலிருந்து ஒரு பெண்: ‘இது என் மாமியார். புள்ளைங்க எல்லாம் சிங்கப்பூர் போய்ட்டாங்க. இன்னமும் எல்லாருக்கும் சேத்துதான் சமைக்கிறாங்க.’ இடுப்பு ஒடிந்து லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட ஒருவர், அந்த ஆந்தை தான்தான் என்றார். நான் பார்த்தே இராத வீடுகளுக்கெல்லாம் என் ஆந்தை போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே நின்றேன். நாத்தனார்தான், “வேணுங்கறவங்க பிஎம் பண்ணுங்க” என்று முடித்துவைத்தாள். நிறையப் பேர் தனிச்செய்தி அனுப்பினார்கள்.

நேரலை முடிந்து இருவரும் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணி, அந்த ஆந்தை நான்தானே?”

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஃபேக்டரி மூடுன அன்னைக்கு கேக் வெட்டி தேங்க்யூ சொன்னாங்க. மறுநாள் காலைல நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்ல போய் நின்னேன். பஸ் வராதுன்னு தெரியும். யாருகிட்டயும் சொல்லல. நீங்க எப்படி பாத்தீங்க?”

நான் பார்க்கவில்லை. நாவலை எழுதிய காலம் முழுவதும் அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஒரு வரியிலும் அவளை நான் நினைத்ததில்லை. இப்போது அந்தப் பக்கத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால், கம்பத்தின் மேல் சீருடையோடு அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

“நான் பாக்கலம்மா,” என்றேன்.

“அப்புறம் எப்படி எழுதினீங்க?”

“தெரியல.”

அவள் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். “எனக்கும் ஒன்னு குடுங்க.”

பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஆந்தை யார் என்று அச்சடித்திருந்த அந்தக் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன்.